கண்ணுக்கான கதிர்வீச்சு வரம்பு 150லிருந்து 20 ஆனது: ஆதாரம் எவ்வளவு உறுதி?

நீங்கள் கேத் லேபில், அதாவது எக்ஸ்ரேயில் பார்த்தபடியே இதயக் குழாய்களுக்குள் கதீட்டர் விடும் அறையில், டெக்னீஷியன். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஆர்.பி., கண்புரை வராமல் காக்கக் கண்வில்லைக்கு வைத்த ஆண்டுக் கதிர்வீச்சு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (சீவர்ட் என்பது உடலில் கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கும் அலகு) 20க்குக் குறைத்துவிட்டது, அமெரிக்காவின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமோ இன்னும் 150லேயே நிற்கிறது, இதில் யார் பக்கம் உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குறைத்ததற்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பது ஒன்று. உங்கள் கண்ணுக்கு உண்மையில் எவ்வளவு போகிறது என்பது மற்றது. முதல் கேள்விக்கு நீளமான பதில் உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலான மருத்துவமனைகளில் பதிலே கிடையாது, ஏனென்றால் யாரும் அளப்பதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 150 என்பது தவறு என்பதில் சந்தேகம் இல்லை. 20 தான் சரி என்பது அதே அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் உங்கள் வேலையை 20ஐ வைத்தே அமைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரியாமல் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். ஐ.சி.ஆர்.பி. அரசு அமைப்பு அல்ல. 1928ல் ஸ்டாக்ஹோமில் நடந்த கதிரியல் மாநாட்டில் உருவானது. இன்று இங்கிலாந்தில் பதிவுபெற்ற ஓர் அறக்கட்டளை. அதன் குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்பவர்கள். அது சொல்வது பரிந்துரை மட்டுமே, சட்டம் இல்லை. அறிவியல் தரவுகளைத் திரட்டி மதிப்பிடுவது 1955ல் ஐ.நா. பொதுச்சபை அமைத்த அன்ஸ்கியர் குழு. அதையும் தன் சொந்த ஆய்வுக் குழுக்களையும் வைத்து ஐ.சி.ஆர்.பி. வரம்புகளைப் பரிந்துரைக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமை அவற்றைப் பாதுகாப்பு விதித்தொகுப்பாக எழுதுகிறது. கடைசியில் அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு, நமக்கென்றால் மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதில் எதை எப்படி ஏற்பது என்று முடிவு செய்கிறது. ஆகவே ஒரே பரிந்துரை ஒரு நாட்டில் சட்டமாகவும் பக்கத்து நாட்டில் வெறும் காகிதமாகவும் இருப்பது இந்த அமைப்புக்குள் இயல்பே. அமெரிக்காவில் உடல் முழுவதற்குமான தொழில்முறை வரம்புகூட இன்றும் ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட்தான். அது 1977ம் ஆண்டுப் பரிந்துரையின் எண். இந்தியா அதற்கு நேர்மாறு: ஐந்தாண்டு சராசரி 20, எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. ஐ.சி.ஆர்.பி. அனுமதிக்கும் ஒற்றை ஆண்டு உச்சம் 50. அமெரிக்கா 150 என்று வைத்திருப்பதை மட்டும் பார்த்து அறிவியல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கண்வில்லைக்கான எண் ஏற்கெனவே ஒருமுறை பாதியாக வெட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1977ல் அது 300. 1980ல் 150 ஆனது. அதன் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. கண்புரைக்கு ஒரு வாசல் அளவு உண்டு, அதற்குக் கீழே பாதிப்பு வராது என்று கருதினார்கள். பார்வையைப் பாதிக்கும் கண்புரைக்கு ஒரே தடவையில் வாங்கினால் சுமார் 5 கிரே (திசு உறிஞ்சிய கதிர்வீச்சின் அலகு), பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வாங்கினால் 8 கிரேக்கு மேல் என்று வைத்திருந்தார்கள். 150 மில்லிசீவர்ட்டை 50 ஆண்டு வேலைக்காலத்தால் பெருக்கினால் 7.5 சீவர்ட். எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை கிரேயும் சீவர்ட்டும் எண்ணிக்கையில் ஒன்றே. வாழ்நாள் முழுக்க வரம்பைத் தொட்டபடி வேலை செய்தாலும் வாசலைத் தாண்ட மாட்டீர்கள் என்பது அதன் பொருள்.

அந்த வாசல் ஏன் இடிந்தது? பழைய ஆய்வுகள் பெரும்பாலும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களையும், குண்டுவீச்சில் தப்பியவர்களை முதல் சில ஆண்டுகளில் பரிசோதித்ததையும் நம்பியிருந்தன. கண்வில்லையில் பாதிப்பு வெளிப்பட எடுக்கும் காலம் அளவைப் பொறுத்தது. நிறைய வாங்கினால் சில ஆண்டுகளில் தெரியும், கொஞ்சம் வாங்கினால் இருபது முப்பது ஆண்டுகள் ஆகலாம். பத்தாண்டுக்குள் கண்ணைப் பார்த்துவிட்டு ‘குறைந்த அளவில் ஒன்றும் இல்லை’ என்று எழுதினால், அது பாதுகாப்பான அளவைக் காட்டவில்லை, காத்திருக்காததைத்தான் காட்டுகிறது. 2000க்குப் பிறகு நீண்டகாலத் தொடர்கண்காணிப்பின் முடிவுகள் வரத் தொடங்கியதும் படம் மாறியது. இந்தப் பகுதியில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 5 கிரே, 8 கிரே என்ற பழைய எண்களை இன்று தீவிரமாக வாதாடிக் காப்பவர் யாரும் இல்லை.

புதிய ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் அவற்றின் தரம் ஒன்றுபோல இல்லை. மிக முக்கியமானது ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் தரவு. 6,066 பேரை 1986 முதல் 2005 வரை பின்தொடர்ந்ததில் 1,028 பேருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. அளவு கூடக் கூட அறுவையும் கூடியது. வாசல் அளவு 0.5 கிரே என்று மதிப்பிட்டார்கள், 95 சதவீத நம்பக எல்லை 0.1 முதல் 0.95 வரை. அறுவை சிகிச்சை என்பதால் இது பார்வை உண்மையில் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு, வெறும் மங்கல் புள்ளி அல்ல. அதுதான் இதன் வலிமை. அதன் குறை: இவர்கள் வாங்கியது ஒரே நொடியில், இவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள், கதிர்வீச்சுக்கு வெளிப்பட்ட வயது குறையக் குறைய ஆபத்து அதிகமாகவே தெரிகிறது. நாற்பது வயதில் தினமும் சில மைக்ரோசீவர்ட் வாங்கும் ஒருவருக்கு இதை அப்படியே பொருத்துவது ஒரு தாவல்.

அந்தத் தாவலுக்குப் பாலமாக வந்தது செர்னோபில் சுத்திகரிப்புத் தொழிலாளர் ஆய்வு. 8,607 பேர், பல வாரங்களோ மாதங்களோ பரவலாகக் கதிர்வீச்சு பெற்றவர்கள். அதில் வாசல் அளவு 0.34 முதல் 0.5 கிரே வரை வந்தது, 0.7 கிரேக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்றும் முடிவு. ஆனால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, கணக்கில் எடுத்தவை பெரும்பாலும் முதல் நிலை மங்கல்கள். ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் தெரியும், ஆனால் அந்த நபருக்குத் தெரியாது. இரண்டு, அளவு மதிப்பீடு. அங்கே நிர்வாகம் எழுதிவைத்த அளவுகளை அப்படியே நம்ப முடியாததால், பல் எனாமலில் காந்த ஒத்திசைவு முறையில் அளந்த அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். நேர்மையான வேலை, ஆனால் திருத்தப்பட்ட அளவிலும் பெரிய நிச்சயமின்மை இருக்கிறது. பீட்டாக் கதிர்களின் பங்கு இன்னொரு தொல்லை: உடலில் மாட்டிய அளவி காட்டாததைக் கண் வாங்கியிருக்கும்.

உங்கள் வேலைக்கு நேரடியாகத் தொடர்புடையவை இதயத் தலையீட்டு அறைகளில், அதாவது கேத் லேப்களில், நடந்த ஆய்வுகள். சர்வதேச அணுசக்தி முகமையின் ஏற்பாட்டில் லத்தீன் அமெரிக்காவில் 116 பேரைப் பரிசோதித்ததில் பின்புற உறையடி மங்கல், அதாவது வில்லையின் பின்பக்க உறையை ஒட்டி வரும் மங்கல், இதய மருத்துவர்களில் 38 சதவீதம், நர்ஸ், டெக்னீஷியன்களில் 21 சதவீதம், கதிர்வீச்சே படாத ஒப்பீட்டுக் குழுவில் 12 சதவீதம். மலேசியாவில் மருத்துவர்களில் 52 சதவீதம், நர்ஸ்களில் 45, ஒப்பீட்டுக் குழுவில் 9. பயமுறுத்தும் எண்கள். ஆனால் அந்த 45 சதவீதம் என்பது பதினொரு பேரில் ஐந்து பேர், ஒப்பீட்டுக் குழு வெறும் 22 பேர். மாநாட்டுக்கு வந்த இடத்தில் விருப்பப்பட்டவர்களைப் பரிசோதித்தால், கண்ணில் ஏதோ தொல்லை இருப்பவர்தான் முதலில் வரிசையில் நிற்பார். அளவுகளோ, ‘வருடத்துக்கு எத்தனை கேஸ், கண்ணாடி போட்டீர்களா’ என்று கேட்டு நினைவிலிருந்து எழுதியவை. பின்னர் பிரான்சில் கொஞ்சம் ஒழுங்காகத் திட்டமிட்டு 106 இதய மருத்துவர்களையும் 99 ஒப்பீட்டாளர்களையும் பார்த்தார்கள்: 17 சதவீதத்துக்கு எதிராக 5. எண் இறங்கியது, ஆனால் வித்தியாசம் மறையவில்லை. ஈயக் கண்ணாடியை முறையாக அணிந்தவர்களிடம் ஆபத்து குறைவாக இருந்ததும் அங்கே தெரிந்தது. என்னைக் கேட்டால், இந்த வகை ஆய்வுகள் ‘இந்த அறைகளில் ஏதோ நடக்கிறது’ என்பதற்கு நல்ல சாட்சி. ‘எத்தனை மில்லிகிரேயில் நடக்கிறது’ என்பதற்கு மோசமான சாட்சி. வரம்பு நிர்ணயிக்கத் தேவைப்படுவது இரண்டாவது.

இவற்றையெல்லாம் மதிப்பிட்டு ஐ.சி.ஆர்.பி. 2012ல் வெளியிட்ட 118ம் வெளியீடு, வாசல் அளவு 0.5 கிரே என்றது. இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 0.499 கிரேயில் பாதுகாப்பு, 0.501ல் கண்புரை என்று அர்த்தமில்லை. வெளிப்பட்டவர்களில் சுமார் 1 சதவீதத்தினருக்கு, இருபதாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த பிறகு, பாதிப்பு எதிர்பார்க்கப்படும் அளவு அது. நடைமுறைக்கான ஒரு கோடு, உயிரியல் சுவர் அல்ல. ஒரே தடவையில் வாங்கினாலும் துண்டுதுண்டாக வாங்கினாலும் பல்லாண்டுகளாக வாங்கினாலும் 0.5 தான் என்றும் அது சொன்னது. இதுதான் முழுச் சங்கிலியிலும் மெல்லிய கண்ணி. பரப்பி வாங்கினால் உடல் பழுதுபார்த்துக்கொள்ளும் என்பது புற்றுநோய் ஆபத்தில் பல அமைப்புகள் ஏற்கும் அனுமானம். கண்வில்லையில் அந்தச் சலுகை இல்லை என்று சொல்ல நீண்டகாலக் குறைவேக வெளிப்பாட்டின் தரவு அப்போது போதுமான அளவு இல்லை. தெரியாத இடத்தில் பாதுகாப்பான பக்கம் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைத் தெரிந்த உண்மைபோல மேற்கோள் காட்டுவதில்தான் ஆட்சேபம்.

அடுத்த தாவல் 0.5 கிரேயிலிருந்து 20 மில்லிசீவர்ட்டுக்கு. ஏப்ரல் 2011ல், 118ம் வெளியீடு அச்சாவதற்கு முன்பே, சியோலில் கூடிய ஐ.சி.ஆர்.பி. ஒரு சுருக்கமான அறிக்கை வெளியிட்டது: கண்வில்லைக்கு ஐந்தாண்டு சராசரி 20, எந்த ஒரு ஆண்டிலும் 50க்கு மேல் இல்லை. உடல் முழுவதற்குமான வரம்பின் அதே வடிவம். இப்போது பழைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 20 என்றால் 25 ஆண்டுகளில் 500 மில்லிகிரே, வாசலுக்கு வந்துவிட்டோம். 50 ஆண்டு என்றால் வாசலைப் போல் இரண்டு மடங்கு. 150ல் இருந்த அந்தத் தர்க்கம், ‘வரம்பிலேயே வாழ்ந்தாலும் வாசலைத் தாண்ட மாட்டாய்’ என்பது, 20ல் இல்லை. யாரும் ஒவ்வோர் ஆண்டும் வரம்பைத் தொடுவதில்லை, வரம்புக்குக் கீழேயும் இயன்றவரை குறைப்பது கடமை என்பது இதற்குக் கிடைக்கும் பதில். நியாயமான பதில்தான், ஆனால் அது 20 என்ற எண்ணை விளக்கவில்லை, 20 போதும் என்பதற்குச் சமாதானம் சொல்கிறது. 15 அல்லது 30 ஏன் இல்லை என்று கேட்டால், கண்ணுக்கும் உடலுக்கும் ஒரே எண் இருந்தால் நிர்வாகம் எளிது என்பதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பரிந்துரையை வெளியே யார் எடைபோட்டார்கள்? சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு செப்டம்பர் 2011லேயே புதிய எண்ணுடன் விதித்தொகுப்பை ஏற்றது, அறிக்கை வந்து ஐந்தே மாதத்தில். இந்த அவசரம் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையினரிடையே முணுமுணுப்பை உண்டாக்கியது. அவர்களுடைய உலகச் சங்கமான இர்பா ஒரு பணிக்குழு அமைத்து, நாடுவாரியாக நடைமுறைச் சிக்கல்களைக் கேட்டுத் திரட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013ம் ஆண்டு ஆணையில் இதைச் சேர்த்து, உறுப்பு நாடுகளுக்குப் பிப்ரவரி 2018 வரை கெடு கொடுத்தது. ஜப்பான் ஏப்ரல் 2021ல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான என்.சி.ஆர்.பி. தானே ஆதாரங்களை முதலிலிருந்து படித்து 2016ல் வேறு முடிவுக்கு வந்தது: வாசல் அளவைக் குறிப்பிட்ட எண்ணாகச் சொல்லுமளவுக்குத் தரவு இல்லை, ஆனால் 150 அதிகம், ஆண்டுக்கு 50 மில்லிகிரே ஆக்குங்கள் என்றது. கவனியுங்கள், அதிகம் கேள்வி எழுப்பிய அமைப்பும் மூன்றில் ஒன்றாகக் குறைக்கத்தான் சொன்னது. இரு தரப்புக்கும் இடையே உள்ள தூரம் 20க்கும் 50க்கும் நடுவே. 150ல் நிற்பது சட்டத்தின் மெத்தனம். அவர்கள் மில்லிகிரே என்ற அலகைத் தேர்ந்ததும் சரியே. திசுப் பாதிப்புக்குச் சீவர்ட்டை விட உறிஞ்சிய அளவான கிரேதான் பொருத்தம் என்று ஐ.சி.ஆர்.பி.யும் 2021ல் வந்த 147ம் வெளியீட்டில் ஒப்புக்கொண்டது.

2011க்குப் பிறகு வந்த தரவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நியாயமான கேள்வி. ரஷ்யாவின் மாயக் அணு வளாகத்தில் நெடுங்காலம் வெளிப்பட்ட 22,377 தொழிலாளர்களிடம் கண்புரையின் மூன்று வகைகளும் அளவோடு சேர்ந்து கூடின. இது பரப்பி வாங்கிய வெளிப்பாடு, ஆகவே அந்த மெல்லிய கண்ணியைக் கொஞ்சம் பலப்படுத்துகிறது. அமெரிக்கக் கதிரியல் டெக்னீஷியன்கள் 67 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 2018ல் வெளியான ஆய்வில், வாழ்நாள் அளவு 100 மில்லிகிரேக்குக் கீழே உள்ளவர்களிடமும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அது அவர்களே படிவத்தில் எழுதிய கண்புரை. அறுவை வரை போனவர்களை மட்டும் எடுத்தால் தொடர்பு புள்ளியியல் அளவில் நிலைக்கவில்லை. கதிரியல் துறையில் இருப்பவர் கண்ணை அடிக்கடி பரிசோதித்துக்கொள்வதால் சிறு மங்கல்கள் அதிகம் கண்டுபிடிக்கப்படுகின்றனவா என்ற சந்தேகத்தை முழுதாக விலக்க முடியாது. மொத்தத்தில் புதிய தரவு, வாசல் 0.5ஐ விடக் கீழே இருக்கலாம், அல்லது வாசலே இல்லாமல் இருக்கலாம் என்ற பக்கம்தான் மெல்லச் சாய்கிறது. மேலே போகவில்லை. ‘20 மிகக் கடுமை’ என்று வாதிடுவோர் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2011ல் பிறப்பித்த அளவு வரம்பு உத்தரவில் கண்வில்லைக்கு 150 என்றே இருந்தது. இன்று உங்கள் உரிமத்தில் எந்த எண் நடப்பில் உள்ளது என்பதை மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, கண்ணுக்கான அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராமல் போக வாய்ப்பு அதிகம்.

காரணம் இது. நீங்கள் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே இருக்கிறது. அது உடலைப் பற்றிச் சொல்கிறது, ஏப்ரனுக்கு வெளியே இருக்கும் தலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கேத் லேப் மின்னழுத்தத்தில் அரை மில்லிமீட்டர் ஈயத்துக்கு இணையான ஏப்ரன், நோயாளியின் உடலில் பட்டுத் தெறிக்கும் சிதறல் கதிரில் சில சதவீதத்தை மட்டுமே உள்ளே விடும். உதாரணத்துக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டு அறிக்கையில் 0.3 மில்லிசீவர்ட் என்று வந்திருக்கிறது, எல்லோரும் நிம்மதியாகிறார்கள். வெளியே கழுத்துப் பட்டையில் அப்போது 6 இருந்திருக்கும், ஆண்டுக்கு 24. கழுத்து அளவில் சுமார் முக்கால் பங்கு கண்ணுக்குப் போவதாக எடுத்துக்கொள்வது வழக்கம், ஆகவே 18. உடல் வரம்பில் பதினைந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாத அதே ஆள் கண் வரம்பின் விளிம்பில் நிற்கிறார். இந்தக் கணக்கை அளவீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரனின் தடிமன், கதிரின் ஆற்றல், நீங்கள் திரும்பி நின்ற நேரம் எல்லாம் அதை இரண்டு மூன்று மடங்கு மாற்றிவிடும். அது எச்சரிக்கை மணி மட்டுமே. பேட்ஜ் பூஜ்யம் காட்டினாலும் கண் பூஜ்யம் என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் கழுத்தில் 1 மில்லிசீவர்ட் இருந்தாலும் உள்ளே 0.05 தான் வரும்.

சரியான வழி, கண்ணருகே அளப்பது. மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கான அளவைக் காட்டும் சிறு அளவியை, எக்ஸ்ரே குழாயின் பக்கம் இருக்கும் கண்ணின் ஓரம், பெரும்பாலும் இடது கண், தலைப்பட்டையில் மாட்டுவது. அது கிடைக்காவிட்டால் இரண்டாவது பேட்ஜை ஏப்ரனுக்கு வெளியே இடது கழுத்துப் பட்டையில் அணியுங்கள், இரண்டு மூன்று மாதம் போதும், நிலைமை புரிந்துவிடும். உள் பேட்ஜையும் வெளி பேட்ஜையும் மாற்றி அணிவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மாறிவிட்டால் உடல் அளவு பத்து இருபது மடங்கு ஏறி, விசாரணை வரை போகும். வேறு நிறத்தில் பட்டி ஒட்டி, ‘கழுத்து’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். இரண்டு பேட்ஜ் இருந்தால் உடல் அளவையும் இன்னும் துல்லியமாகக் கணக்கிடலாம்: உள் அளவில் பாதி, அதோடு கழுத்து அளவில் நாற்பதில் ஒரு பங்கு, இரண்டையும் கூட்டுவது வழக்கத்தில் உள்ள ஒரு முறை.

நீங்கள் கன்சோலில், ஈயக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னே உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் இந்தப் பதிவின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. மேசையருகே நின்று கதீட்டர் எடுத்துக்கொடுப்பவர், இன்ஜெக்டர் இணைப்பவர், அவசரத்தில் இரண்டாவது கையாக நிற்பவர் என்றால்தான் கவலை. அங்கேயும் தூரம்தான் முதல் மருந்து: சிதறல் வரும் இடத்திலிருந்து அரை மீட்டரில் நிற்பவர் ஒரு மீட்டருக்குப் போனால் ஏறக்குறைய கால்பங்காகும். மருத்துவர் சினி, அதாவது பதிவுக்கான எக்ஸ்ரே படம், எடுக்கும்போது உங்களுக்குக் கையில் வேலை இல்லையென்றால் இரண்டடி பின்னே போங்கள். சினியில் ஒவ்வொரு ஃப்ரேமும், நேரலையாகப் பார்க்க மட்டும் எடுக்கும் ஃப்ளூரோ ஃப்ரேமைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ அளவு வாங்கும். எக்ஸ்ரே குழாயைத் தாங்கும் சி-ஆர்ம் இடது முன்சாய்வுக் கோணத்துக்குப் போகும்போது குழாய் நோயாளியின் வலப்பக்கத்துக்கு, அதாவது நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு, வருகிறது. சிதறல் மிக அதிகமாக எழுவது கதிர் உடலுக்குள் நுழையும் பக்கத்தில்தான். ஆகவே அந்தக் கோணத்தின் பெயர் காதில் விழுந்ததும் நகர்வது நல்ல பழக்கம். ஃப்ரேம் வேகத்தை 15லிருந்து 7.5க்கு இறக்குவதும், கதிர் படும் புலத்தைச் சுருக்குவதும் மருத்துவர் கையில் இருக்கின்றன. ஆனால் புரோட்டோகாலை இயந்திரத்தில் முன்கூட்டியே அப்படி வைத்துவிட்டால் யாரும் திருப்பி மாற்றுவதில்லை, அதை நீங்கள் செய்யலாம்.

கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் திரை கண்ணுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு, மிக மோசமாகப் பயன்படுத்தப்படுவதும் அதுதான். திரையின் பொருள் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும். ஆனால் நடைமுறையில் கிடைப்பது இரண்டு முதல் ஏழு மடங்குக் குறைப்பு மட்டுமே, ஏனென்றால் கதிர் திரையின் ஊடாக அல்ல, ஓரங்களால் வருகிறது. கீழ்விளிம்பு நோயாளியின் உடலைத் தொட வேண்டும். கதிர் படும் இடத்தை நீங்கள் பார்த்தால் திரையின் ஊடாகத்தான் தெரிய வேண்டும், மேலாகவோ பக்கவாட்டிலோ தெரிந்தால் திரை தவறான இடத்தில் இருக்கிறது. சி-ஆர்ம் நகரும்போது திரையும் நகர வேண்டும். அதைச் செய்வது யார் என்று கேஸ் தொடங்குமுன் பேசிவைக்காத லேபில் யாரும் செய்வதில்லை. ஈயக் கண்ணாடியிலும் இதே கதை. வில்லை வழியே மிகச் சிறிதுதான் வரும், ஆனால் கன்னத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கீழிருந்து வரும், மானிட்டரைப் பார்க்கத் தலையைத் திருப்பியதும் பக்கவாட்டில் வரும், தலைக்குள் சிதறியும் கொஞ்சம் வரும். ஆகவே வாங்கும்போது ஈயத் தடிமனைவிட முகத்தோடு ஒட்டி உட்காருகிறதா, பக்கத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கண்ணாடி போடுபவர் என்றால் பவரோடு செய்து வாங்குங்கள், மேலே மாட்டும் வகை மூக்கிலிருந்து வழுக்கி இடைவெளி விடும். கணக்கில் கண்ணாடிக்கு இரண்டு மடங்குக் குறைப்புக்கு மேல் கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு. மேலே கழுத்து அளவிலிருந்து வந்த அந்த 18, கண்ணாடியால் 9 ஆகும், திரையையும் ஒழுங்காக வைத்தால் ஐந்துக்குள் வர வாய்ப்பு உண்டு. 20 சரியா 50 சரியா என்ற விவாதம் அந்த இடத்தில் உங்களைப் பொறுத்தவரை முடிந்துவிடுகிறது. 20ஐ வைத்தே வேலையை அமையுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்: அதைக் கடைப்பிடிக்க ஆகும் செலவு, ஒரு பேட்ஜ், ஒரு கண்ணாடி, ஏற்கெனவே தொங்கும் திரை.

கடைசியாகக் கண் பரிசோதனை. பவர் பார்ப்பது போதாது. கண்பாப்பாவை விரித்து ஸ்லிட் லேம்ப்பில், பின்னொளியில் வில்லையைப் பார்த்து, பின்புற உறையடி மங்கலைத் தனியாகத் தரப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ இன்ஹேலரோ எடுத்திருந்தால், சர்க்கரை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் அதே இடத்தில் மங்கலை உண்டாக்கும், கதிர்வீச்சால் வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் எந்தக் கண் மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இப்போது, ஒன்றும் இல்லாதபோது, ஒருமுறை பார்த்துப் பதிவு வைத்துக்கொள்வது பயன்படும். பின்னால் ஏதாவது தெரிந்தால் எப்போதிலிருந்து என்று சொல்ல அந்தத் தாளும் உங்கள் கழுத்துப் பேட்ஜ் அறிக்கைகளும் மட்டுமே இருக்கும். வேலை மாறும்போது இரண்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.